சாய்வெழுத்தில் எல்லாரும் செய்யும் தவறுகள்

நேர் எழுத்தைப் பிடித்துக் கொஞ்சம் சாய்த்துவிட்டால் சாய்வெழுத்து வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், லோகோ போட்டுத் தருபவர்கள்கூட. ஹெல்வெட்டிகா, இன்டர் போன்ற சான்ஸ்-செரிஃப் (கோடுகளின் நுனியில் சிறு கால்கள் இல்லாத) எழுத்துருக்களில் சாய்வும் நேரும் ஒரே மாதிரி தெரிவதால் இந்த எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது.

ஆங்கில ஓ எழுத்தை, வடிவத்தைப் பக்கவாட்டில் தள்ளிச் சாய்க்கும் ஷியர் கருவியால் 12 டிகிரி சாய்த்து, பெரிதாக்கிப் பாருங்கள். மேலே வலது மூலையிலும் கீழே இடது மூலையிலும் கோடு தடித்திருக்கும், மற்ற இரண்டு மூலைகளில் மெலிந்திருக்கும். நல்ல எழுத்துருவில் வடிவமைப்பாளர் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் இதைச் சரிசெய்திருப்பார். அந்த உழைப்பு இட்டாலிக் (சாய்வுக்கென்றே வரைந்தது) அல்லது ஒப்ளீக் (நேர் வடிவத்தையே சாய்த்துத் திருத்தியது) என்று தனிக் கோப்பாகவே கிடைக்கும்போது கருவியைத் தொடாதீர்கள், தயவுசெய்து.

இணையத்தில் இதே தவறு நமக்குத் தெரியாமலே நடக்கிறது. சாய்வுக் கோப்பை ஏற்ற மறந்துவிட்டால் பிரவுசர் தானே நேர் எழுத்தைச் சாய்த்துக் காட்டிவிடும். இதைவிட மோசம், சாய்வுக் கோப்பை ஏற்றிவிட்டு அது நேர் எழுத்து என்று, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்-இல் தவறாகக் குறிப்பது. அப்புறம் இட்டாலிக் கேட்கும் இடத்தில் ஏற்கெனவே சாய்ந்த எழுத்து இன்னொரு முறை சாய்ந்து கீழே விழப்போவதுபோல் நிற்கும். சிஎஸ்எஸ்-இல் ஃபான்ட்-சிந்தெசிஸ் (font-synthesis) என்ற பண்புக்கு நன் (none) என்று மதிப்புக் கொடுத்தால் பிரவுசர் தானாகச் சாய்ப்பது நின்றுவிடும், எந்தக் கோப்பு வரவில்லை என்பதும் உடனே தெரிந்துவிடும்.

வெவ்வேறு எழுத்துருக்களின் சாய்வைக் கலப்பதும் தவறுதான். ஹெல்வெட்டிகா ஒப்ளீக்கின் சாய்வு 12 டிகிரி, இன்டரின் இட்டாலிக்கில் 9.4 டிகிரி. இரண்டையும் ஒரே போஸ்டரில் பக்கத்தில் வைத்தால் காரணம் தெரியாவிட்டாலும் கண் உறுத்தும்.

அழுத்தம் கொடுக்க எங்கே பார்த்தாலும் சாய்ப்பதும் வேண்டாம். சிறு கால்கள் உள்ள செரிஃப் எழுத்துருக்களின் இட்டாலிக்கில் எழுத்தின் வடிவமே மாறும், அதனால் சொல் தனித்துத் தெரியும். ஹெல்வெட்டிகா ஒப்ளீக்கில் கோணம் மட்டும்தான் மாறுகிறது, சின்ன அளவில் அது கண்ணிலேயே படாது. அங்கே தடித்த எழுத்துதான் சரி. முழுப் பத்தியையும் சாய்ப்பது இன்னும் தவறு: டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) உள்ளவர்களுக்குப் படிக்கச் சிரமம் என்பதால் இட்டாலிக்கைத் தவிர்க்கச் சொல்கிறது பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கத்தின் வழிகாட்டி.

தமிழுக்கு வந்தால், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வுக் கோப்பே கிடையாது. வேர்டில் ஐ பொத்தானை அழுத்தினால் வருவது வெறும் தள்ளிச் சாய்த்த எழுத்துதான். மெய்யெழுத்தின் புள்ளி தன் எழுத்தின் நடுவை விட்டு அடுத்த எழுத்தின் பக்கம் நகர்ந்துவிடும். நூல் பெயரோ மேற்கோளோ, தமிழில் ஒற்றை மேற்கோள்குறியோ தடித்த எழுத்தோ போட்டாலே போதும்.