பெங்களூரில் கத்தோலிக்கராக விரும்பும் பெரியவர்களுக்கு: எங்கே தொடங்குவது, எங்கே சிக்கும்

விண்ணப்பம், வகுப்பு எல்லாம் பிறகு. முதலில் இரண்டு மூன்று மாதம் ஞாயிறு பூசைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா பசிலிக்காவிலும் விவேக்நகர் குழந்தை இயேசு கோவிலிலும் தமிழ்ப் பூசை உண்டு. ஒரே கோவிலில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மாறி மாறி நடப்பதால் அறிவிப்புப் பலகையில் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. நடு வரிசையில் உட்காருங்கள். முன்னால் இருப்பவர்கள் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்காருங்கள், போதும். நற்கருணைக்கு, அதாவது கிறிஸ்துவின் உடலாக நம்பி உண்ணும் அப்பத்துக்கு, வரிசை கிளம்பும்போது மட்டும் போகாதீர்கள். அது வந்தவர்க்கெல்லாம் கொடுக்கும் பிரசாதம் அல்ல. காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு அமர்ந்திருந்தால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

சிவாஜிநகரில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 திருநாள் வரை கூட்டம் நெரியும். பார்க்க அருமையான நாட்கள்தான், ஆனால் ஃபாதரிடம் நின்று பேச வாய்க்காது. அதற்குச் சாதாரண வாரநாள் மாலைதான் சரி.

சேர்வது என்று வரும்போது பிடித்த கோவிலைவிட நீங்கள் குடியிருக்கும் பகுதியின் பங்குதான் (அந்தப் பகுதிக்குரிய கோவிலும் அதன் மக்களும்) கணக்கு. அந்தப் பங்குத்தந்தையைப் பார்த்து, முதல் சந்திப்பிலேயே இரண்டு விஷயங்களை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் வகுப்புக்கு வந்தபின் இவை வெளியே வந்து தேதி தள்ளிப்போவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு.

ஒன்று, இதற்கு முன் எங்காவது ஞானஸ்நானம் (திருமுழுக்கு) பெற்றீர்களா என்பது. தண்ணீரால், தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்டிருந்தால் திருச்சபை அதை ஏற்கும், இரண்டாம் முறை கொடுக்காது. சிஎஸ்ஐ, லுத்தரன் சபைகளில் பெற்றவர்கள் சான்றிதழோடு வந்தால் போதும். அவர்களுக்கு விசுவாச அறிக்கை, உறுதிப்பூசுதல் (எண்ணெய் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு), நற்கருணை ஆகியவைதான் பாக்கி. புதிதாக ஞானஸ்நானம் பெறுபவர்கள்போல் பாஸ்கா (ஈஸ்டர்) வரை காத்திருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் "இயேசுவின் நாமத்தில்" என்று மட்டும் சொல்லிக் கொடுக்கும் சில பெந்தெகொஸ்தே சபைகளின் ஞானஸ்நானத்தைத் திருச்சபை ஏற்பதில்லை. அங்கே முழுக்கு எடுத்தவர்கள் முதலிலிருந்து தொடங்கவேண்டும். சான்றிதழ் தொலைந்திருந்தால் நேரில் பார்த்த ஒருவரின் சாட்சியம் உதவும்.

இரண்டாவது திருமணம். கணவனோ மனைவியோ ஒருவர் மட்டும் சேர்ந்தாலும் இருக்கும் திருமணம் செல்லும், மறுபடி தாலி கட்டவேண்டாம். சிக்கல் முந்தைய திருமணத்தில். கோர்ட்டில் விவாகரத்து வாங்கியாயிற்று என்பது திருச்சபைக்குப் போதாது. இரண்டு இந்துக்கள் செய்துகொண்ட திருமணத்தையும் அது செல்லுபடியானதாகவே எடுத்துக்கொள்ளும். அதை மறைமாவட்டத்தின், அதாவது பிஷப்பின் கீழுள்ள பகுதியின், திருமண நீதிமன்றம் ஆராயவேண்டும், மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் முதல் நாளே சொல்லச் சொல்கிறோம்.

வகுப்பை உபதேசியாரோ (மறைக்கல்வி சொல்லித்தருபவர்) அருட்சகோதரியோ எடுப்பார்கள். ஆங்கிலப் பங்குகளில் ஆர்.சி.ஐ.ஏ. (பெரியவர்களைச் சபையில் சேர்க்கும் முறையின் ஆங்கிலச் சுருக்கம்) என்று கேட்டால்தான் புரியும். சுமார் ஓராண்டு ஓடும். படிக்க 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பை வாங்குங்கள். அதில் 73 நூல்கள். புராட்டஸ்டண்டு சபைகளின் பழைய பரிசுத்த வேதாகமத்தில் 66-தான், வகுப்பில் தோபித்து, மக்கபேயர் போன்ற நூல்களைச் சொன்னால் தேடிக் களைத்துவிடுவீர்கள்.

ஞானப்பெற்றோரை நீங்களே தேடலாம். ஒருவர் போதும். இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். 16 வயது நிறைந்த, உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்கவேண்டும். பெற்ற தாய் தந்தை ஆகமுடியாது. வெளியூர்ச் சொந்தக்காரரை மரியாதைக்காகப் போடுவதைவிட உங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) வாராவாரம் பார்க்கும் ஓர் அக்காவோ அண்ணனோ மேல்.

பாஸ்காவுக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று ஆயர் (பிஷப்) முன்னிலையில் பெயர் தெரிவு, அதாவது திருமுழுக்குப் பெறப்போகிறவர்களின் பெயர்களை ஏற்கும் சடங்கு. 3, 4, 5-ஆம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பிறவிக் குருடர், இலாசர் நற்செய்திகளை ஒட்டி உங்களுக்காகச் சிறப்பு மன்றாட்டுகள். பாஸ்கா இரவில் வெளியே நெருப்பு மூட்டி, பெரிய மெழுகுதிரி ஏற்றி, விளக்கணைந்த கோவிலுக்குள் பவனி நுழையும். நீண்ட வாசகங்கள் முடிந்து உங்கள் முறை வரும்போது தலையைத் தொட்டிக்கு மேல் குனிய வேண்டும், மூன்று முறை தண்ணீர் ஊற்றுவார்கள். காலரில்லாத சட்டையும் ஒரு துண்டும் கொண்டுபோனால் பிறகு நடுங்கமாட்டீர்கள். அடுத்து வெள்ளாடை, எரியும் திரி, நெற்றியில் கிறிஸ்மா எண்ணெய், அதே பூசையில் முதல் நற்கருணை. அதற்குமுன் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்யவேண்டுமே என்று பலர் பதறுவார்கள். புதிதாகத் திருமுழுக்குப் பெறுபவருக்கு அது தேவையில்லை, அந்தத் தண்ணீரே எல்லாவற்றையும் கழுவிவிடுகிறது. ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றுச் சேர்பவர்தான் செய்யவேண்டும். எதற்கும் கட்டணமில்லை.

இனி யாரும் சொல்லத் தயங்கும் பகுதி. கர்நாடகத்தின் 2022 மதச் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம், மாறுபவரும் மாற்றும் குருவும் 30 நாள் முன்பே மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு அறிவிக்கச் சொல்கிறது, பிறகும் ஓர் அறிவிப்பு. 2023 ஜூனில் அமைச்சரவை அதை நீக்க முடிவெடுத்தது. செய்தித்தாள் தலைப்பை நம்பாமல், தேதி குறிக்குமுன் பங்குத்தந்தை வழியாக மறைமாவட்டத்தில் அன்றைய நிலையைக் கேட்டுவிடுங்கள். பட்டியல் சாதியினருக்கு இன்னொன்று: 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர்க்கே அந்தத் தகுதி. கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி இடஒதுக்கீடு போகும். அரசு வேலையிலோ கல்லூரிச் சேர்க்கையிலோ இருப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். வழிபாட்டுக்கு மட்டும் வருபவரை யாரும் அவசரப்படுத்தக்கூடாது, அவசரப்படுத்தினால் அது அவர்கள் பிழை. இந்து திருமணச் சட்டப்படி ஒருவர் மதம் மாறியதைக் காட்டி மற்றவர் விவாகரத்துக் கேட்கலாம் என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

புனிதர் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. வைத்தாலும் ஆதார், பான் அட்டையில் உள்ள பெயரையும் பங்குப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பாஸ்கா முடிந்த வாரமே அலுவலகம் போய்ப் பதிவேட்டில் எழுத்துப் பிழை பாருங்கள். கோவில் கல்யாணத்துக்கு இந்தப் பதிவிலிருந்துதான் சான்றிதழ் கேட்பார்கள், அப்போது ஒரு இன்ஷியலைத் திருத்த அலையவேண்டியிருக்கும்.