ஆசனம் வழியாகக் கோணம் சொல்லிக்கொடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

மொட்டை மாடியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரைத் தண்டாசனத்தில் உட்கார வைத்தேன். கால் இரண்டையும் நீட்டி, முதுகை நிமிர்த்தி, கைகளை இடுப்புக்குப் பக்கத்தில் ஊன்றி உட்காரும் எளிய ஆசனம். "இப்போ என்ன கோணம்?" என்று கேட்டதும் எல்லாரும் சேர்ந்து "தொண்ணூறு" என்றார்கள். "எங்கே இருக்கு?" என்று கேட்டேன். ஒருத்தி இடுப்பைத் தொட்டாள். ஒரு பையன் நிமிர்ந்திருந்த பாதத்தைக் காட்டினான். இன்னொருவன் முதுகுக்கும் பின்னால் இருந்த தரைக்கும் நடுவில் கையை வைத்தான். மூன்று பேர் காட்டியதும் சரிதான்.

பெரும்பாலும் தவறு இங்கேதான் தொடங்குகிறது. "தண்டாசனம் என்றால் 90 டிகிரி" என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறோம். ஓர் ஆசனத்தில் ஒரு கோணம் மட்டும் இருப்பதில்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், முழங்கை என்று மூட்டுக்கு ஒன்று இருக்கிறது. உடம்புக்கும் தரைக்கும் நடுவில் வேறு சில. எந்த முனையில், அங்கிருந்து கிளம்பும் எந்த இரண்டு கதிர்களுக்கு, அதாவது கோடுகளுக்கு, நடுவில் என்று சொல்லாதவரை எண்ணுக்குப் பொருளே இல்லை.

இதற்கு ஸ்டிக்கர் பொட்டு போதும். உடைக்கு மேலேயே தோளில் ஒன்று, இடுப்பின் பக்கவாட்டில் ஒன்று, கணுக்காலில் ஒன்று ஒட்டுங்கள். பிறகு பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள்: "தோள், இடுப்பு, கணுக்கால்." நடுவில் வருவதுதான் முனை. பாடப்புத்தகத்தில் கோணம் ஏபிசி என்று எழுதினால் நடுவில் இருக்கிற 'பி'தான் முனை என்பதைத் தனியாக விளக்க வேண்டிய வேலையே இல்லை. இன்னொன்று, கோணத்தின் 'கரம்' என்று சொல்லாதீர்கள். சொன்னால் பிள்ளை தன் கையைப் பார்க்கும். ஆசனம் நடக்கும்போது கதிர் என்ற சொல்லே நல்லது.

நீளமும் கோணமும்

கதிர் நீளமாக இருந்தால் கோணமும் பெரிது என்று நினைப்பது பிள்ளைகளிடம் மிகவும் பரவலாக இருக்கும் குழப்பம். கரும்பலகையில் எத்தனை முறை சொன்னாலும் அது போகாது. உயரமான அண்ணனையும் குட்டித் தங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து, இருவரையும் கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்குத் தூக்கச் சொல்லுங்கள். அவன் கை நீளம், அவள் கை குட்டை. கைக்கும் உடம்புக்கும் நடுவில் இருவருக்கும் ஒரே செங்கோணம். நாம் செய்கிற தவறு, வரிசை அழகாக இருக்க வேண்டும் என்று ஒரே உயரப் பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்துவது. கலந்து நிறுத்துங்கள். அந்த உயர வித்தியாசம்தான் பாடம்.

திரும்பிய செங்கோணம்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு கோடு படுத்து, ஒரு கோடு நிமிர்ந்து நின்றால் மட்டுமே செங்கோணம் என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். படத்தைச் சாய்த்து வரைந்தால் அடையாளம் தெரியாது. நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஹீலே தம்பதி 1957-இல் தங்கள் ஆய்வுகளில் விளக்கியது இதோடு பொருந்துகிறது: பிள்ளைகள் முதலில் உருவத்தை அதன் மொத்தத் தோற்றத்தை வைத்துத்தான் அறிகிறார்கள், அதன் பண்புகளைப் பார்ப்பது அடுத்த படி. தண்டாசனத்தை மட்டும் காட்டி நிறுத்தினால் அந்த முதல் படியிலேயே பிள்ளையை உட்கார வைத்துவிடுகிறோம்.

முதலில் தண்டாசனம். அடுத்து மல்லாந்து படுத்து, இடுப்பைச் சுவரோடு ஒட்டி, கால்களைச் சுவரில் நிமிர்த்தி வைக்கட்டும். அப்புறம் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி, முதுகு தரைக்கு இணையாக வரும்வரை இடுப்பிலிருந்து குனியட்டும். உட்கார்ந்து, படுத்து, நின்று என மூன்று முறையும் இடுப்பில் இருப்பது அதே கோணம். அது உலகத்தில் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதுதான் மாறுகிறது. முதல் நாள் இதைச் செய்தபோது ஒரு பெண், சுவரில் கால் வைத்துப் படுத்தபடியே, "நான் கவுந்து போன தண்டாசனம்" என்றாள். அதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

செங்கோணம் என்றால் சிவப்புக் கோணமா என்று கேட்கிற பிள்ளை கட்டாயம் இருக்கும். அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். இது செம்மையிலிருந்து வரும் சொல். செங்கோல் வளையாத கோல், கொடுங்கோல் வளைந்த கோல் என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அசையாமல் நிற்பது மட்டும் போதாது

கோணம் என்பது திருப்பத்தின் அளவு. ஆசனத்தில் உறைந்து நிற்கும்போது அந்தத் திருப்பம் கண்ணில் படாது. அதனால் ஆசனத்துக்குள் போகிற வழியைப் பாடமாக்குங்கள். கை தொடையோடு ஒட்டியிருக்கும்போது 0. மெதுவாகப் பக்கவாட்டில் மேலே வரட்டும். நீங்கள் "நில்" என்கிற இடத்தில் நிறுத்தி, குறுங்கோணமா விரிகோணமா என்று அவர்களே சொல்லட்டும். தோள் மட்டத்தில் செங்கோணம், தலைக்கு மேல் நேராக நின்றால் 180, அதாவது நேர்க்கோணம். குறுங்கோணம் எந்த இடத்தில் முடிந்து விரிகோணம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தோள் தானாகவே உணரும்.

திரிகோணாசனமும் 60 டிகிரியும்

பெயரிலேயே முக்கோணம் இருப்பதால், "இதில் மூன்று கோணமும் 60" என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. குனிவதற்கு முன் கால்களை அகட்டி நிற்கும் நிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலும் தரையும் சேர்ந்து ஏறக்குறைய ஓர் இருசமபக்க முக்கோணம். கால் நீளம் 70 செ.மீ. இருக்கிற பிள்ளை பாதங்களையும் 70 செ.மீ. தள்ளி வைத்தால் மூன்று கோணமும் 60-ஐ ஒட்டி வரும். பாதங்களை நெருக்கினால் மேல்கோணம் சிறுத்து, தரையில் இருக்கிற இரண்டும் பெருக்கும். அகட்டினால் மேல்கோணம் விரியும், கீழே இரண்டும் சிறுக்கும். கூட்டினால் எப்போதும் 180தான். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு இதைச் செய்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது. இடுப்புக்கு அகலம் இருக்கிறதே, அப்போது மேலே முனை எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டால், கேள்வி சரியானது என்று சொல்லுங்கள். உடம்பு கோடு அல்ல. கோட்டை நாம் கற்பனை செய்துகொள்கிறோம்.

எண்ணுக்காக உடம்பை வளைக்காதீர்கள்

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். ஒரு காலை முன்னால் வைத்து மடக்கி நிற்கும் வீரபத்திராசனத்தில் முன்முழங்கால் 90 வர வேண்டும் என்று புத்தகத்தில் படம் இருக்கும். அந்தப் படத்துக்காகப் பிள்ளையின் தோளை அழுத்துவதும், தண்டாசனத்தில் பின்னால் சாய்கிற பிள்ளையின் முதுகை முன்னால் தள்ளுவதும் கூடவே கூடாது. தொடையின் பின்தசை இறுக்கமாக உள்ள பிள்ளைக்கு இடுப்பு 105-லேயே நின்றுவிடும். சரி, "105, விரிகோணம்" என்று எழுதட்டும். கணக்குக்கு அதுவும் நல்ல விடைதான். மடித்த போர்வை மேல் உட்கார வைத்தால் கோணம் மாறுகிறதா என்று பார்க்கலாம், அதோடு நிறுத்துங்கள். யாருக்கு 90 வந்தது என்று போட்டி வைக்காதீர்கள். தலைகீழாக நிற்கும் சிரசாசனம், தோளை ஊன்றிக் காலைத் தூக்கும் சர்வாங்காசனம் இரண்டும் கணக்கு வகுப்புக்கு வேண்டாம். மதியச் சாப்பாடு முடிந்த அடுத்த பீரியடும் வேண்டாம். பாவாடைச் சீருடை போடுகிற பெண்களுக்கு முந்தின நாளே சொல்லி, டிராக் பேன்ட் அணிந்து வரச் சொல்லுங்கள். தரையில் உட்கார முடியாத பிள்ளை நாற்காலியில் இருந்தபடியே முழங்கை ஒன்றை வைத்து எல்லா வகைக் கோணத்தையும் காட்டலாம். அவர்களைப் பார்வையாளர் ஆக்கிவிடாதீர்கள்.

அளக்கும்போது

ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிற குட்டிக் கோணமானியை இடுப்பில் வைத்து அளந்தால் ஆளுக்கு ஓர் எண் வரும். முதலில் ஊகிக்கட்டும், பிறகு போட்டோ எடுத்து அளக்கட்டும். போட்டோவிலும் ஒரு சிக்கல் உண்டு. சாய்வாக நின்று எடுத்தால் கோணம் மாறித் தெரியும். நோட்டுப் புத்தகத்தின் மூலையை ஓரமாக நின்று படம் பிடித்துப் பாருங்கள். அந்தச் செங்கோணம் படத்தில் செங்கோணமாகவே இருக்காது. செல்போனைப் பிள்ளையின் இடுப்பு உயரத்தில், நேர் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் போதும். பிரின்ட் எடுத்து, பொட்டுகளை ஸ்கேலால் இணைத்து, கோணமானியை வைக்கட்டும்.

கடைசியாக நோட்டில் குச்சி மனிதன் வரைந்து குறிக்கும்போது, வளைகோடு போடாமல் எண்ணை மட்டும் எழுத விடாதீர்கள். தண்டாசனத்துக்கு ஒரு பையன் 270 என்று எழுதியிருந்தான். அடிக்கப் போன பேனாவை நிறுத்தி, எங்கே என்று கேட்டேன். தொடையின் அடிப்பக்கத்தில் தொடங்கி, உட்கார்ந்த இடத்தைச் சுற்றி, முதுகுப் பக்கம் வரை விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினான். முழுச் சுற்று 360, அதில் முன்பக்கத்து 90 போக மீதி 270. பின்வளை கோணம். அதே இடத்தில் வளைகோட்டை வரையச் சொல்லி, சரி போட்டுக் கொடுத்தேன்.