தாழ்மை என்று நினைத்து நாம் செய்கிற தவறுகள்

"எனக்கு ஒண்ணும் தெரியாது, கர்த்தர் நடத்தினார்" என்கிறார் பாடகர் குழுவை நடத்துகிற அண்ணன். கேட்டவர், "ஆமாண்ணே, ரெண்டாவது பாட்டுல சுருதி விலகிட்டு" என்று சொல்லிவிடுகிறார். அப்புறம் ஒரு மாதத்துக்கு இருவருக்கும் பேச்சில்லை. நம்மை நாமே குறைத்துச் சொன்னதை அடுத்தவர் ஒத்துக்கொண்டதும் வலிக்கிறது என்றால், மறுத்துச் சொல்வார்கள் என்று காத்திருந்திருக்கிறோம். யாராவது பாராட்டினால், "நன்றி, ஒரு மாசம் பழகினோம்" என்று உள்ளதைச் சொன்னால் போதும். பிலிப்பியர் 2-இல் பவுல் மற்றவரை மேன்மையாக எண்ணச் சொல்கிறார். நம்மை மட்டமாகப் பேசும்படி எங்கும் கேட்கவில்லை.

கொடுக்கும்போது நான் செய்த தவறு ஒன்று. சபைக்கு இருபது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக் கொடுத்தோம். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை பெயின்டில் எங்கள் வீட்டுப் பெயர். அசன விருந்தன்று வாளியும் கரண்டியுமாகப் பந்தியில் நின்றேன். ஆனால் என் கண் எத்தனை நாற்காலியில் பெயர் அழியாமல் இருக்கிறது என்றே எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டி சாம்பார் கேட்டு இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்கவே இல்லை.

வாங்கிக்கொள்ளத் தெரியாததும் பெருமைதான். பக்கத்து வீட்டு மாமி மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலோடு கொண்டு வருகிறார்கள். நாம் மறுநாளே கேக் வாங்கி அதே பாத்திரத்தில் வைத்து அனுப்புகிறோம். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்பது நல்ல வழக்கம், சரி. ஆனால் அவர்களுக்கு ஒருநாள்கூடக் கடன்பட்டிருக்கக் கூடாது என்ற அவசரம் எங்கிருந்து வருகிறது? "நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவப்படாது" என்று, கால் கழுவ வந்த இயேசுவிடம் சீடர் பேதுரு சொன்னதும் பார்ப்பதற்குத் தாழ்மை மாதிரிதான் இருந்தது. இயேசு விடவில்லை. கழுவ விடாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்றார்.

குடும்பப் பெருமையைப் பக்தியோடு சேர்த்துப் பேசுவதும் நம்மிடம் உண்டு. நம் கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்து, 1745-இல் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம், சாதி பார்க்காமல் எல்லாரையும் சமமாக நடத்தியவர். 2022 மே 15 அன்று புனிதரானார். அவரையே "எங்க ஆளு" என்று சாதிக்கணக்கில் சேர்ப்பதைக் கேட்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

எல்லாவற்றையும்விடக் கெட்ட தவறு, தாழ்மையை நமக்குக் கீழே இருப்பதாக நினைக்கிறவர்களுக்குப் போதிப்பது. மருமகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினாலோ, ரப்பர் பால் வெட்ட வருகிறவர் கூலி பாக்கியைக் கேட்டாலோ, "கிறிஸ்தவனுக்குத் தாழ்மை வேணும்" என்கிறோம். நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சு வரவே கூடாது. தெற்குத் திருவிதாங்கூராக இருந்த இதே மண்ணில், மாரை மறைத்துத் துணி உடுத்தியதற்காக நாடார் பெண்களின் மேலாடையைச் சந்தையில் வைத்து மேல்சாதிக்காரர்கள் கிழித்தார்கள். 1859 ஜூலையில்தான் மேலாடை அணிய அனுமதித்து அரசாணை வந்தது, அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. கிழித்தவர்கள் கேட்டதும் அடக்கத்தைத்தான். அந்தப் பெண்கள் அடங்காமல் மறுபடியும் உடுத்தியதில் எந்த அகந்தையும் கிடையாது. "நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாயிருக்கிறேன்" என்ற இயேசுவே, விசாரணையில் தம்மை அறைந்த சேவகனிடம் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். அந்தக் கேள்வியால் அவருடைய தாழ்மை குறைந்துபோகவில்லை.

கூலி பாக்கி இருந்தால், இந்தச் சனிக்கிழமைக்குள் அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். வாசலில் நின்றே, "பிந்திட்டு, மன்னிச்சிருங்க" என்று சொல்லுங்கள். "ஆனா ரப்பர் விலை..." என்று தொடங்க வேண்டாம்.