தாழ்வான மெல்லிய மேகமும் கிளைமேட் மாடலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூமியோட தட்பவெப்பத்த கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டுப் பாக்குற கிளைமேட் மாடல்ல வேலை பாக்குறவங்க, புதுசா உள்ள வர்ற ஸ்டூடண்ட்ஸ்னு எல்லாரும் மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு, கடலுக்கு மேல தாழ்வா படர்ந்து கிடக்குற மெல்லிசான மேகம். பெரு, சிலி கரையோரம், கலிபோர்னியா, நமீபியான்னு கடல் தண்ணி சில்லுன்னு இருக்குற பக்கமெல்லாம் இது விரிஞ்சு கிடக்கும், தடிமன் பெரும்பாலும் 200, 300 மீட்டர்தான், ஆனா விழுற வெயில்ல கணிசமான பங்க திருப்பி அனுப்பிடும். கார்பன் டை ஆக்சைடு ரெண்டு மடங்கானா பூமி எவ்ளோ சூடாகும்னு கேட்டா சிஎம்ஐபி6ங்கிற சர்வதேச ஒப்பீட்டுத் திட்டத்துல இருக்கிற மாடல்கள் 1.8 டிகிரில இருந்து 5.6 டிகிரி வரைக்கும் ஆளுக்கொண்ணு சொல்லுது, அதுக்கு முக்கியமான காரணம் இந்த மாதிரி தாழ்வான மேகங்கள்தான்.

இருக்கிறதுலயே பெரிய தவறு எதுன்னா, விண்வெளிக்குத் திரும்பிப் போற வெளிச்சத்தோட மொத்தக் கணக்கு சாட்டிலைட் அளவோட ஒத்துப்போனதும் மேகம் சரியா வந்துடுச்சுன்னு முடிவு பண்றது. நெறைய மாடல்ல மேகம் பரப்புல கம்மியா இருக்கும், இருக்கிற மேகமோ தேவைக்கு மேல தடிமனா பளிச்சுன்னு இருக்கும், ஒரு தப்ப இன்னொரு தப்பு ஈடுகட்டி மொத்தம் மட்டும் கரெக்டா வந்துடும். ஆனா மெல்லிசான மேகத்துல தண்ணி லேசா கூடினாலோ குறைஞ்சாலோ பிரகாசம் நல்லாவே மாறும், ஏற்கனவே தடிமனா இருக்கிறதுல அதே அளவு தண்ணி மாறினா பெருசா ஒண்ணும் ஆகாது, அப்ப நாளைக்கு பூமி சூடாகும்போது அந்த மாடல் காட்டுற மாற்றத்த எப்படி நம்புறது? பரப்பு, தண்ணி அளவு, பிரகாசம் மூணையும் தனித்தனியா செக் பண்ணுங்க ப்ளீஸ்.

அடுத்தது, காத்த உயரவாக்குல மாடல் பிரிச்சு வைக்கிற லேயரோட எண்ணிக்கைய கூட்டிட்டா எல்லாம் சரியாகிடும்ங்கிற நம்பிக்கை. கூட்டணும்தான், ஏன்னா மேகத்துக்கு மேல சில பத்து மீட்டருக்குள்ளயே காத்து பல டிகிரி சூடாகி காஞ்சு போயிருக்கும், லேயர் தடிமனா இருந்தா அந்த எல்லை மாடலுக்குத் தெரியவே தெரியாது. ஆனா அந்த காஞ்ச காத்து மேகத்துக்குள்ள எவ்ளோ இறங்கிக் கலக்குதுங்கிற கணக்க பழைய லேயருக்கு ஏத்த மாதிரி ட்யூன் பண்ணி (சரிக்கட்டி) வச்சிருந்தா, லேயர் எண்ணிக்கை கூடினதும் இன்னும் மோசமாக்கூட ஆகலாம். 2001ல கலிபோர்னியா பக்கம் விமானத்துல போய் இந்த மேகத்த அளந்த டைகாம்ஸ்-2ங்கிற ஆய்வோட டேட்டா இருக்கு, மாடல்ல ஒரே ஒரு இடத்துக்கு மேல இருக்கிற காத்துத் தூண மட்டும் ஓட்டி அந்த டேட்டாவோடயும், காத்தோட பெரிய சுழல்கள நுணுக்கமா நேரடியா கணக்கு போடுற லார்ஜ் எடி சிமுலேஷனோடயும் ஒப்பிட்டுப் பாத்துட்டு முழு பூமிக்கும் போங்க.

சாட்டிலைட் டேட்டாவ அப்படியே மாடல் ரிசல்ட்டுக்குப் பக்கத்துல வச்சு பாக்குறதும் வேணாம். 2023 வரைக்கும் மேகத்த அளந்த ரெண்டு சாட்டிலைட்ட எடுத்துக்குங்க, கிளவுட்சாட் ரேடாருக்கு தரையிலேருந்து ஏறக்குறைய 1 கிலோமீட்டருக்குள்ள இருந்த மேகம் சரியா தெரியல, கேலிப்சோ லேசருக்கு மெல்லிசு நல்லா தெரிஞ்சுது ஆனா தடிமனான மேகத்துக்குள்ள பாதியிலயே மங்கிடுச்சு, உயரத்துல வேற மேகம் இருந்தா சாதாரண கேமரா சென்சாருக்கு கீழ இருக்கிறது மறைஞ்சே போயிடும். காஸ்ப்ங்கிற சிமுலேட்டர் சாஃப்ட்வேர் இதுக்காகத்தான் இருக்கு, சாட்டிலைட் கண்ணுக்கு எது படுமோ அதையே மாடல்லேருந்தும் எடுத்துக் குடுக்கும். நேரமும் முக்கியம், இந்த மேகம் விடியறதுக்கு முன்னாடி தடிமனா இருந்து மதியத்துக்கு மேல மெலிஞ்சுடும், அதனால மதியம் 1.30க்கு கடந்து போற சாட்டிலைட்டோட அளவ மாடலோட நாள் சராசரியோட ஒப்பிட்டா ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்?

கடல் வெப்பத்த மாடல் கணக்கு போட விடாம நாமளே குடுத்து ஓட்டின ரன் நல்லா வந்துச்சுன்னு அங்கயே நிறுத்திடுறவங்களும் உண்டு. கடல் மாடலோட சேத்து விட்டாத்தான் மேகம் குறைஞ்ச இடத்துல வெயில் உள்ள இறங்கி, கடல் சூடாகி, அந்தச் சூட்டுல மேகம் இன்னும் குறையிறது தெரிய வரும். பெரு, நமீபியா கரையில நெறைய மாடல் கடல நெஜத்த விட சூடா காட்டுறதுக்கு இதுவும் ஒரு காரணம், அதனால சேத்து ஓட்டாம ரிசல்ட்ட வெளிய சொல்லாதீங்க.