வாடகை வீட்டின் மார்ட்கேஜ், எஸ்க்ரோ, இன்ஷூரன்ஸ்: அமெரிக்காவில் முதல் முறை வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கு

30 வருட ஃபிக்ஸட் ரேட்டில் கடன் வாங்கியவர்களில் பலர், மாதத் தவணை கடைசிவரை மாறாது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மாறாமல் இருப்பது அசலும் வட்டியும் மட்டும்தான். அதே தவணையில் எஸ்க்ரோ என்ற பெயரில் சொத்து வரிக்கும் வீட்டு இன்ஷூரன்ஸுக்கும் பணம் போகிறது. அந்தப் பகுதி வருடா வருடம் மாறும், பெரும்பாலும் மேல்நோக்கித்தான். நாம் குடியிருக்கும் வீடு என்றால் சம்பளத்தில் சமாளித்துவிடலாம். வாடகை வீட்டில் வரவு லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) எழுதிய தொகையோடு நின்றுவிடும், செலவு மட்டும் நடுவில் ஏறும்.

டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் நம்மவர்கள் வாடகை வீட்டுக்காரர் ஆவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். பெரிய வீட்டுக்கு மாறும்போது பழைய வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுகிறார்கள். அந்த நிலையில் இருப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். வரி விதிகளுக்கு டெக்சஸை எடுத்துக்கொள்கிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தேதிகளையும் தொகைகளையும் தங்கள் கவுண்டியில் (மாவட்ட நிர்வாகத்தில்) கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: முகவரியை மாற்றுங்கள், பத்திரத்தைப் படியுங்கள்

மார்ட்கேஜ் தவணையை வசூலிக்கும் நிறுவனம் (இனி சர்வீசர் என்கிறேன்), இன்ஷூரன்ஸ் கம்பெனி, கவுண்டி வரி அலுவலகம், வரிக்காக வீட்டின் மதிப்பைக் கணிக்கும் மதிப்பீட்டு அலுவலகம், எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) ஆகிய ஐந்து இடங்களிலும் தபால் முகவரியை உங்கள் புது வீட்டுக்கு மாற்றுங்கள். எல்லாம் ஆன்லைனில்தானே வருகிறது என்று விட்டுவிடாதீர்கள். இன்ஷூரன்ஸ் ரத்து நோட்டீஸும் வரி மதிப்பீட்டு நோட்டீஸும் இன்னும் காகிதத்தில் வருகின்றன. அவை வாடகைதாரரின் தபால் பெட்டியில் விழுந்தால் உங்கள் கைக்கு வந்து சேரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அப்புறம், கடன் வாங்கியபோது கையெழுத்திட்ட டீட் ஆஃப் டிரஸ்ட்டை, அதாவது வீட்டைக் கடனுக்கு ஈடாக வைத்த பத்திரத்தை, எடுங்கள். குடியிருக்க என்று சொல்லி வாங்கிய வழக்கமான கடனில், 60 நாளுக்குள் குடிபோய் குறைந்தது ஒரு வருடம் அங்கே வசிக்க வேண்டும் என்று இருக்கும். அந்த ஒரு வருடம் முடிந்திருந்தால் வாடகைக்கு விடத் தடை இல்லை. முடியவில்லை என்றால் கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் விடாதீர்கள்.

எஸ்க்ரோவைக் கட்டுப்படுத்தும் மத்திய சட்டம் 1974இல் வந்த ரெஸ்பா. நீங்கள் குடியிருந்து, பிறகு வாடகைக்கு விட்ட வீட்டின் கடனுக்கு அது பொருந்தும். ஆனால் முதலிலிருந்தே வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய கடனைச் சட்டம் வணிகக் கடனாகப் பார்க்கிறது, அதனால் ரெஸ்பாவின் பாதுகாப்பு நேரடியாகக் கிடைக்காது. அங்கேதான் பத்திரம் கைகொடுக்கிறது. வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மாக் நிறுவனங்களின் பொதுப் படிவத்தில், ரெஸ்பா அனுமதிக்கும் அளவுக்கு மேல் எஸ்க்ரோவில் பணம் பிடிக்கக்கூடாது என்றும், அந்தச் சட்டத்துக்குள் வராத கடனாக இருந்தாலும் அதன் வரம்புகள் பொருந்தும் என்றும் எழுதியிருக்கும். வாடகை வருமானத்தை மட்டும் பார்த்துக் கொடுக்கும் டிஎஸ்சிஆர் கடன்களில் வேறு படிவம் இருக்கலாம். அவற்றை வரி வரியாகப் படித்தே ஆக வேண்டும்.

படி 2: வாடகைதாரர் சாவி வாங்கும் முன் பாலிசியை மாற்றுங்கள்

குடியிருப்பவருக்கான எச்ஓ-3 பாலிசி, நீங்கள் அந்த வீட்டில் வசிக்கிறீர்கள் என்ற அடிப்படையில் எழுதப்பட்டது. வாடகைக்கு விட்ட பிறகும் அதையே வைத்திருந்தால் ப்ரீமியம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள், தீ விபத்து நடந்த அன்று க்ளெய்மை மறுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு காரணம் தயாராக இருக்கும். வீட்டுக்காரர் பாலிசி, அதாவது டிபி-3 வகை, வேண்டும் என்று கேளுங்கள். டிபி-1 மலிவு. ஆனால் அதில் பட்டியலிட்ட ஆபத்துகளுக்கு மட்டுமே காப்பீடு, இழப்பீடும் பொதுவாகத் தேய்மானம் கழித்துத்தான் வரும். முதல் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏஜென்டிடம் இவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வீடு குடியிருக்க முடியாமல் போனால் வாடகை இழப்பு கிடைக்குமா, எத்தனை மாதம்? லயபிலிட்டி, அதாவது வீட்டில் யாருக்காவது அடிபட்டு உங்கள்மேல் வழக்கு வந்தால் கிடைக்கும் காப்பீடு, எவ்வளவு? கூரைக்கு முழு மாற்றுச் செலவா, தேய்மானம் கழித்த மதிப்பா? வீடு எத்தனை நாள் காலியாக இருந்தால் காப்பீடு குறையும்? பல பாலிசிகளில் 30 அல்லது 60 நாள் காலி என்றால் சில சேதங்களுக்குப் பணம் வராது. ஒரு வாடகைதாரர் போய் அடுத்தவர் வரும் இடைவெளி அதைத் தாண்டிவிடுவது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

டெக்சஸில் ஆலங்கட்டி மழைக்கும் காற்றுக்கும் தனி டிடக்டிபிள் (க்ளெய்மில் முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை), அதுவும் சதவீதத்தில் இருக்கும். 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். ப்ரீமியம் குறைகிறதே என்று 2 சதவீதத்துக்குச் சம்மதிப்பவர்கள் அந்த 8,000ஐத் தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும்.

வெள்ளச் சேதம் இந்தப் பாலிசிகள் எதிலும் இல்லை. 2017இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் வெள்ள அபாயப் பகுதிக்கு வெளியே இருந்த வீடுகளிலும் தண்ணீர் புகுந்தது, வங்கி கேட்கவில்லை என்று வெள்ளக் காப்பீடு எடுக்காமல் இருந்தவர்கள் ஏராளம். மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டமான என்எஃப்ஐபியில் ஒரு குடும்ப வீட்டின் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். எடுத்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் செய்தி பார்த்துவிட்டு எடுத்தால் பயன் இல்லை.

வாடகைதாரரின் சாமான்கள் உங்கள் பாலிசியில் வராது. அவர் ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று லீஸிலேயே எழுதிவிடுங்கள்.

படி 3: ஹோம்ஸ்டெட் சலுகை போகும், கணக்கில் எடுங்கள்

புதிதாக வாடகைக்கு விடுபவர்களைத் திணறடிப்பது பெரும்பாலும் இதுதான். ஹோம்ஸ்டெட் என்பது உரிமையாளரே குடியிருக்கும் வீடு. டெக்சஸில் அதற்கு, சொத்து வரிக்குள் வரும் பள்ளி வரியில் 2025 வரி ஆண்டு முதல் 1,40,000 டாலர் மதிப்பு விலக்கு. வரிக்குரிய மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரம்பும் உண்டு. நீங்கள் குடிபெயர்ந்ததும் இரண்டும் போய்விடும். பள்ளி வரி 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் விலக்கு போனதற்கு மட்டுமே 1,400 டாலர் கூடும். பல வருடம் 10 சதவீத வரம்புக்குள் அடங்கியிருந்த மதிப்பு ஒரே தாவாகச் சந்தை விலைக்குப் போவது அதற்கு மேல்.

சொல்லாமல் இருந்தால் தெரியவா போகிறது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சலுகைக்கான தகுதி முடிந்ததும் அடுத்த மே 1க்கு முன் மதிப்பீட்டு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பின்னால் கண்டுபிடித்தால் ஐந்து வருடம் வரை பின்னோக்கி வரி போடலாம்.

மதிப்பு அதிகம் என்று தோன்றினால் மே 15க்குள், அல்லது நோட்டீஸ் அனுப்பிய 30 நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபிக்கலாம். வாடகை வீட்டுக்கும் அந்த உரிமை உண்டு.

புதிதாகக் கட்டிய வீட்டை வாங்கியவர்களுக்கு இன்னொன்று. வரி ஜனவரி 1 நிலவரப்படி போடப்படுகிறது. அன்று வெறும் மனையாக இருந்திருந்தால் முதல் வருட வரி மனைக்கு மட்டும்தான். சர்வீசர் அதை வைத்தே எஸ்க்ரோ பிடித்திருந்தால், அடுத்த வருடம் வீட்டுக்கும் சேர்த்து வரி வரும்போது ஆயிரக்கணக்கில் பற்றாக்குறை விழும். ஃபிரிஸ்கோ, ப்ராஸ்பர் போன்ற இடங்களில் புது வீடு வாங்கியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வீடு உங்கள் பெயருக்கு மாறிய க்ளோசிங் நாளன்று தந்த தாள்களில் வரி எவ்வளவு என்று போட்டிருக்கிறது, பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று கவுண்டி தளத்தில் ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படி 4: எஸ்க்ரோ அறிக்கையை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

வருடத்துக்கு ஒருமுறை சர்வீசர் எஸ்க்ரோ அனாலிசிஸ் அனுப்புவார். கடைசிப் பக்கத்தில் இருக்கும் புதுத் தவணையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

போன வருடம் வரி 9,600, இன்ஷூரன்ஸ் 2,400 என்று எதிர்பார்த்தார்கள். மொத்தம் 12,000, மாதம் 1,000. இதற்கு மேல் இரண்டு மாதத் தொகையை, அதாவது ஆண்டுச் செலவில் ஆறில் ஒரு பங்கை, கையிருப்பாக வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. அது 2,000.

உண்மையில் வரி 10,800ஆகவும் இன்ஷூரன்ஸ் 3,600ஆகவும் வந்தன. மொத்தம் 14,400. கையிருப்பு 2,000 முழுதும் கரைந்து கணக்கு 400 டாலர் மைனஸில் நிற்கிறது. இனி கையிருப்பு 2,400 ஆக இருக்க வேண்டும். ஆகப் பற்றாக்குறை 2,800. புது மாத எஸ்க்ரோ 1,200. அதோடு 2,800ஐ 12 மாதமாகப் பிரித்தால் சுமார் 233. தவணை மாதம் 433 டாலர் ஏறுகிறது.

2,800ஐ ஒரே தடவையில் கட்டிவிட்டால் பழைய தவணைக்கே திரும்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. கட்டினாலும் 200 டாலர் ஏற்றம் அப்படியே இருக்கும், ஏனென்றால் வரியும் இன்ஷூரன்ஸும் உண்மையிலேயே ஏறிவிட்டன. கையில் ரொக்கம் இருந்தால் கட்டுங்கள், இல்லாவிட்டால் 12 மாதமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். வட்டி கிடையாது என்பதால் நான் பிரித்துக் கட்டுவதையே விரும்புவேன். மாறாக உபரி 50 டாலரோ அதற்கு மேலோ இருந்து தவணையும் பாக்கி இல்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.

அறிக்கையில் சரிபார்க்க வேண்டியவை: வரித் தொகை கவுண்டி தளத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, பழைய இன்ஷூரன்ஸும் புதியதும் இரண்டு முறை கணக்கில் வந்திருக்கிறதா, கையிருப்பு இரண்டு மாதத்தைத் தாண்டுகிறதா.

டெக்சஸ் வரிக்குக் கடைசி நாள் ஜனவரி 31. பிப்ரவரியில் அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம் ஏறிவிடும். சர்வீசர் கட்டுவார் என்று இருந்துவிடாமல், ஜனவரி நடுவில் கவுண்டி தளத்தில் கட்டியாகிவிட்டதா என்று பாருங்கள். கட்டவில்லை என்றால் அன்றே கூப்பிடுங்கள். "இந்தக் கணக்கு எண்ணுக்கு எந்தத் தேதியில், எவ்வளவு அனுப்பினீர்கள்?" என்று கேட்டு, பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துவையுங்கள்.

படி 5: இன்ஷூரன்ஸ் கம்பெனி மாற்றும்போது வரிசை முக்கியம்

புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே விலை விசாரியுங்கள். தேதி நெருங்கினால் சர்வீசர் பழைய கம்பெனிக்குப் பணம் அனுப்பிவிடுவார். முதலில் புதுப் பாலிசியை வாங்குங்கள். அதில் சர்வீசரின் பெயர், முகவரி, கடன் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தாளைச் சர்வீசருக்கு அனுப்பி, வந்து சேர்ந்ததை உறுதி செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் பழையதை ரத்து செய்ய வேண்டும், அதுவும் புதியது தொடங்கும் அதே தேதியில். நடுவில் ஒரு நாள்கூட விடக்கூடாது.

பழைய கம்பெனி திருப்பித் தரும் பணம் எஸ்க்ரோவிலிருந்து போன பணம். ஆனால் செக் உங்கள் பெயருக்கு வரும். செலவு செய்துவிடாமல் எஸ்க்ரோ கணக்கில் திருப்பிப் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த அனாலிசிஸில் அதுவே பற்றாக்குறையாக வந்து நிற்கும்.

படி 6: கடன் கைமாறினால்

அமெரிக்காவில் சர்வீசர் மாறுவது சகஜம். பழையவர் மாற்றத் தேதிக்கு 15 நாள் முன்பு தெரிவிக்க வேண்டும். மாறிய பிறகு 60 நாள்வரை, தவறிப்போய்ப் பழைய நிறுவனத்துக்கு உரிய தேதிக்குள் அனுப்பிய தவணையைத் தாமதம் என்று கணக்கிட முடியாது. புது நிறுவனத்தின் கடிதம் உண்மையானதுதானா என்று பழைய நிறுவனத்தின் எண்ணுக்கே கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். ஏஜென்டிடம் சொல்லிப் பாலிசியில் புதுச் சர்வீசரின் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

இதைச் செய்யாவிட்டால், உங்களிடம் காப்பீடே இல்லை என்று புதுச் சர்வீசர் முடிவுகட்டி, தானாக ஒரு பாலிசியை எடுத்து உங்கள் தலையில் கட்டுவார். விலை வழக்கமானதைவிடப் பல மடங்குகூட இருக்கும், காப்பாற்றுவதும் பெரும்பாலும் வங்கியின் பங்கை மட்டும்தான். ரெஸ்பா பொருந்தும் கடனில், பணம் பிடிப்பதற்கு 45 நாள் முன்பு ஒரு நோட்டீஸும் பிறகு ஒரு நினைவூட்டலும் அனுப்ப வேண்டும். உங்கள் காப்பீட்டுக்கு ஆதாரம் கொடுத்தால் 15 நாளுக்குள் ரத்து செய்து, இரட்டையாகப் பிடித்ததைத் திருப்பித் தர வேண்டும்.

போனில் தீரவில்லை என்றால் எழுத்துக்குப் போங்கள். சர்வீசரின் மாத அறிக்கையிலோ இணையதளத்திலோ பிழை தெரிவிக்க என்று தனி முகவரி இருக்கும், தவணை அனுப்பும் முகவரி அது அல்ல. கடன் எண், என்ன பிழை, எந்தத் தேதி, ஆதாரப் பிரதிகள் ஆகியவற்றோடு அனுப்பினால் 5 வேலை நாளில் ஒப்புகையும், பொதுவாக 30 வேலை நாளில் பதிலும் தர வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் மத்திய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபியில் ஆன்லைனில் புகார் கொடுக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி மீதான புகார் டெக்சஸ் காப்பீட்டுத் துறைக்குப் போக வேண்டும்.

படி 7: க்ளெய்ம் செக்கில் இரண்டு பெயர்

கூரை சேதத்துக்கு வரும் செக்கில் உங்கள் பெயரோடு சர்வீசரின் பெயரும் இருக்கும். அவர்கள் கையெழுத்து இல்லாமல் போட முடியாது. பெரிய தொகை என்றால் அவர்களே வைத்துக்கொண்டு, வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாக விடுவிப்பார்கள், நடுவில் ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போவார். அதனால் கான்ட்ராக்டரிடம் ஒப்பந்தம் போடும் முன்பே சர்வீசரின் க்ளெய்ம் பிரிவைக் கூப்பிட்டு என்னென்ன தாள் வேண்டும் என்று கேளுங்கள். முழுப் பணமும் முன்கூட்டியே கேட்கும் கான்ட்ராக்டரோடு இந்த முறை ஒத்துவராது.

படி 8: வருமான வரிக்கு எந்தத் தொகை?

வாடகை வருமானத்தை ஷெட்யூல் ஈ படிவத்தில் காட்டும்போது, எஸ்க்ரோவுக்கு நீங்கள் மாதாமாதம் கட்டியதைச் செலவாக எழுதக்கூடாது. எஸ்க்ரோவிலிருந்து கவுண்டிக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அந்த வருடம் உண்மையில் போன தொகைதான் செலவு. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் நீங்கள் கட்டியது 12,000, செலவாகக் காட்ட வேண்டியது 14,400. வருடக் கடைசி அறிக்கையில் வரியும் இன்ஷூரன்ஸும் தனித்தனியாக இருக்கும், கட்டிய வட்டி சர்வீசர் அனுப்பும் ஃபார்ம் 1098இல் வரும். வருடத்தின் நடுவில்தான் வாடகைக்கு விட்டீர்கள் என்றால், வாடகைக்கு விடத் தயாரான நாளிலிருந்து வரும் பங்கை மட்டும் இதில் காட்டுங்கள்.