வயசைச் சொல்லாதீங்க, சென்டிமீட்டரைச் சொல்லுங்க

புரசைவாக்கத்தில் ஒரு செருப்புக் கடையில் பிள்ளைகள் பிரிவு என் பொறுப்பு. மே கடைசி வாரம் தொடங்கி பள்ளிக்கூடம் திறக்கும்வரை கடையில் நிற்க இடமிருக்காது. உள்ளே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எடுத்ததும் சொல்வது, "அண்ணா, ஆறு வயசுப் பையனுக்கு ஒரு பிளாக் ஷூ காட்டுங்க." வயசைக் கேட்டு நம்பர் சொல்லும் வித்தை எனக்குத் தெரியாது. ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பிள்ளைகளின் காலுக்கு நடுவே இரண்டு மூன்று நம்பர் வித்தியாசம் இருப்பதைத் தினமும் பார்க்கிறேன். போன வருஷ நம்பரைச் சொன்னாலும் அது பாதித் தகவல்தான். வேண்டியது காலின் நீளம். அதை வீட்டிலேயே எடுத்துவிடலாம்.

சாயந்திரம் அளந்து பாருங்கள். நாள் முழுக்க ஓடியாடிய கால் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் பெருத்திருக்கும். ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் சுவரை ஒட்டி வையுங்கள். சுவரின் அடியில் டைல்ஸ் பட்டை துருத்திக்கொண்டு இருந்தால், தாளின் ஓரமும் பிள்ளையின் குதிகாலும் அந்தப் பட்டையைத் தொட வேண்டும். பிள்ளை நிற்க வேண்டும், இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு. மடியில் உட்காரவைத்து எடுத்த அளவு குறைவாகத்தான் வரும், ஏனென்றால் எடை ஏறும்போது பாதம் நீளும். பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்து, அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும் விரலின் நுனியில் கோடு போடுங்கள். அது கட்டைவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சில பிள்ளைகளுக்கு இரண்டாவது விரல்தான் நீளம். ஸ்கேலின் நுனியிலிருந்து அளக்காமல் சைபர் கோட்டிலிருந்து அளங்கள். பள்ளிக்கூட ஸ்கேலில் அந்தக் கோட்டுக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், நிறையப் பேர் அதில்தான் கோட்டை விடுகிறார்கள். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் அளவை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம்.

இப்போது நம்பர். நம் ஊர்க் கடைகளில் வழங்குவது பிரிட்டிஷ் நம்பர். அதில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் வித்தியாசம். பழைய காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பார்லி மணியின் நீளத்தை அளவாக வைத்ததால் வந்த கணக்கு இது. 4 அங்குலத்தில் சைபர் தொடங்கி 13 வரை ஏறும், பிறகு மறுபடி 1. "போன வருஷம் 13 வாங்கினேன், இப்ப 1ன்னு தர்றீங்களே, பிள்ளை கால் தேஞ்சு போச்சா?" என்று ஒரு பாட்டி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். 13க்கு அடுத்த படி 1தான், பாட்டிம்மா. அங்கிருந்து பெரியவர்கள் நம்பர் தொடங்குகிறது.

ஐரோப்பிய நம்பரில் ஒரு படி ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 6.7 மில்லிமீட்டர். அமெரிக்க நம்பர் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிரிட்டிஷ் நம்பரைவிட அரையோ ஒன்றோ கூடுதலாக இருக்கும்; நம்பரோடு சி என்று இருந்தால் சின்னப் பிள்ளை, ஒய் என்று இருந்தால் வளர்ந்த பிள்ளை. பெட்டியில் 10 என்று பார்த்ததும் எடுத்துவிடாமல், அது எந்த நாட்டு 10 என்று ஸ்டிக்கரைப் படியுங்கள்.

கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு வழி. பிள்ளையின் கால் 17.4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலுக்கு முன்னால் விட வேண்டிய இடம் 1.2. கூட்டினால் 18.6. அதை ஒன்றரையால் பெருக்கினால் 27.9, ஐரோப்பிய நம்பர் 28. அதே 18.6ஐ 0.847ஆல் வகுத்து 12ஐக் கழித்தால் ஏறத்தாழ 10, அதுதான் பிரிட்டிஷ் நம்பர். விடை 13ஐத் தாண்டிப் போனால் மிச்சத்தை 1, 2 என்று எண்ணிக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அச்சு மாறும் என்பதால் இது தேடத் தொடங்க வேண்டிய இடம் மட்டுமே. முன்னும் பின்னும் அரை நம்பர் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அட்டவணையில் சென்டிமீட்டர் போட்டிருப்பார்கள். அது காலின் நீளமா, ஷூவின் உள்நீளமா என்று பாருங்கள். கால் நீளம் என்றால் உங்கள் அளவை அப்படியே ஒப்பிடுங்கள், விரல் இடத்தை அவர்களே சேர்த்திருப்பார்கள். உள்நீளம் என்றால் நீங்கள் 1.2 சேர்க்க வேண்டும். ஏற்கெனவே சேர்த்ததோடு இன்னொரு தடவை சேர்த்தால் படகு மாதிரி ஒன்று வீட்டுக்கு வரும்.

அந்தப் 1.2 சென்டிமீட்டர்தான் எனக்கும் அம்மாக்களுக்கும் நடக்கும் பஞ்சாயத்து.

"அண்ணா, ரெண்டு நம்பர் பெருசா குடுங்க, அடுத்த வருஷமும் ஓட்டிக்கலாம்."

"ஏம்மா, இப்பவே விரலுக்கு முன்னாடி ஒரு சென்டிமீட்டருக்கு மேல இடம் இருக்கு. இன்னும் ரெண்டு நம்பர்னா மூணு சென்டிமீட்டர் ஆயிடும். படியேறும்போது தடுக்கும்மா."

"பஞ்சு வச்சிக்கிறேன்."

பஞ்சு முனையை அடைக்குமே தவிர, குதிகாலைப் பிடித்து வைக்காது. ஷூ மடிய வேண்டிய இடம் விரல்கள் தொடங்கும் இடம்; பெரிய ஷூ அதற்கு முன்னால் மடியும், மேல்தோல் அங்கேயே வெடிக்கும். கால் அந்த நம்பருக்கு வளர்ந்து சேர்வதற்குள் ஷூ கந்தலாகிவிடும். மிச்சம் பிடித்ததாக நினைத்த காசு அதோடு போகும். அரை நம்பர் பெரிதாகிவிட்டால் மட்டும் உள்ளே மெல்லிய இன்சோல் ஒன்று போடலாம். அது மேலே இருக்கும் தொளதொளப்பைக் குறைக்கும்.

எத்தனை மாசம் வரும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை கால் மாசத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் வளரும். அதன் பிறகு ஆறு வயதுவரை சுமார் ஒரு மில்லிமீட்டர், அப்புறம் வேகம் குறையும். நடக்கும்போது பாதம் முன்னால் நகரும் என்பதால் ஐந்தாறு மில்லிமீட்டர் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். ஆக, யு.கே.ஜி. பிள்ளைக்கு ஜூனில் 12 மில்லிமீட்டர் இடம் விட்டு வாங்கிய ஷூ டிசம்பரில் எல்லையைத் தொடும். அரையாண்டு லீவில் ஒரு தடவை அளந்து, தேவைப்பட்டால் பொங்கலுக்குள் மாற்றிவிடுங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு நாலு மாசத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், அதனால் அந்த வயதில் விலை அதிகமுள்ளதைத் தேடிப் போகாதீர்கள். நாலாவது, ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கு ஒரு ஜோடி வருஷம் முழுக்க வந்தாலும் வரும், ஷூவை வைத்துப் பந்து உதைக்காமல் இருந்தால்.

"கடிக்குதாடா?" என்று பிள்ளையிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். சின்னப் பிள்ளையின் பாதத்தில் குருத்தெலும்பு அதிகம். இறுக்கமான ஷூவுக்குள்ளும் விரல் மடங்கிப் போய்விடும், வலி பெரிதாகத் தெரியாது. போதாததற்கு, விளக்கு எரிகிற ஷூவைப் பார்த்துவிட்ட பிள்ளை எதைக் கேட்டாலும் "கடிக்கலை" என்றுதான் சொல்லும். வீட்டில் பழைய ஷூவின் இன்சோலை எடுத்து விரல் பதிந்த தடம் முனையைத் தொட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாக்ஸ் கட்டைவிரல் பக்கம் ஓட்டை விழுவதும், ஷூவைக் கழற்றியதும் விரல் மேல் சிவப்பாகத் தடம் தெரிவதும் அதே சேதிதான்.

நீளம் சரியாக இருந்தும் போடவே முடியவில்லை என்றால் அகலம்தான் காரணம். அடையாறு சர்தார் படேல் ரோட்டில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் நடுவே நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. நம்மவர்களின் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்று அதில் தெரிந்தது. அதை வைத்து இந்தியாவுக்கென்று 'பா' என்ற புதிய அளவு முறையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். கைக்குழந்தை முதல் பெரியவர்வரை எட்டுப் பிரிவு, அரை நம்பர் கிடையாது. கடையில் நாங்கள் பார்ப்பதும் அதேதான். அகலம் பற்றாமல் நீளத்தைக் கூட்டி வாங்குகிறார்கள், குதிகால் கழன்றுகொண்டே இருக்கிறது. நம்பரைக் கூட்டாமல் முன்பக்கம் அகன்ற வேறு மாடலைக் கேளுங்கள். கடைக்காரர் முணுமுணுத்தாலும் இன்னொரு பெட்டியை இறக்குவார்.

கடைக்கு வரும்போது பள்ளிக்கூட சாக்ஸைக் கொண்டுவாருங்கள். இரண்டு காலிலும் போட்டு நிற்கவைத்து, நடக்கவிடுங்கள். பள்ளி ஷூவின் முனை கெட்டியாக இருப்பதால் மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. இன்சோல் கழன்று வந்தால் அதன் மேல் பிள்ளையை நிறுத்துங்கள். விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் தெரிய வேண்டும், பக்கத்தில் பாதம் வெளியே வழியக் கூடாது. இன்சோல் ஒட்டியிருந்தால் ஒரு அட்டைப் பட்டை போதும்: கால் நீளத்தோடு 1.2 கூட்டி, விரல் அகலத்துக்கு வெட்டி, ஷூவுக்குள் குதிகால்வரை விட்டுப் பாருங்கள். வளைந்தால் ஷூ சின்னது. முன்னும் பின்னும் ஆடினால் பெரிது. ஊரில் இருக்கும் தங்கச்சி பிள்ளைக்கு வாங்க வேண்டுமானால் அந்தப் பட்டையை மட்டும் கொண்டுவந்தால் போதும், பிள்ளை வர வேண்டாம். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்து இடிபடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

வளர இடம் விட்டு வாங்குகிற ஷூவில் லேஸோ, பக்கிளோ, ஒட்டுகிற பட்டையோ இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு ஆசைப்பட்டு எடுக்கும் பெல்லீஸ், அதாவது பட்டையில்லாத தட்டை ஷூ, காலை இறுக்கிப் பிடித்தால்தான் நிற்கும், அதனால் அதில் வளர இடமே விட முடியாது. கல்யாண வீட்டுக்குச் சரி, தினப்படிக்கு வேண்டாம். அண்ணன் போட்ட ஷூவைத் தம்பிக்குக் கொடுப்பதென்றால் முதலில் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் கொடுக்காதீர்கள்.

வாங்கிப் போன அன்றைக்கே தெருவில் ஓடவிடாதீர்கள். வீட்டுக்குள் பெட்ஷீட்டை விரித்து அதன் மேல் அரை மணி நேரம் நடக்கவிட்டு, கழற்றியதும் விரலைப் பாருங்கள். சிவப்பு இருந்தால் பில்லோடும் பெட்டியோடும் மறுநாள் வாருங்கள். அடிப்பாகத்தில் மண் ஒட்டியிருக்கவில்லை என்றால் மாற்றித் தருவதில் எங்களுக்குச் சங்கடம் இல்லை.