ஊர்க்காரர்களே போடும் வள்ளி திருமணம்

தொழில்முறை ‘ஸ்பெஷல் நாடக’ நடிகர்கள் ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்தித்து விடிய விடிய ஆடிவிடுவார்கள். நமக்கு அது சரிப்படாது. ஒன்றரை மாதம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள்.

முதலில் வேஷம் பிரிக்காதீர்கள், கட்டையைப் பாருங்கள், அதாவது அவரவர் குரலுக்கு ஏற்ற சுருதியை. எங்கள் வள்ளிக்கு ஐந்து கட்டை, நாரதருக்கு ஒன்றரை. இருவரும் வாதாடும் தர்க்கக் காட்சியில் மாறி மாறிப் பாடும்போது ஆர்மோனியத்தில் என் விரல்தான் திண்டாடும். இருவரையும் ஒரே சுருதிக்கு இழுத்தால் ஒருவர் தொண்டை போய்விடும். நடுவில் நாலு வரி வசனம் வையுங்கள், அதற்குள் நான் மாறிக்கொள்வேன்.

இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டை வெட்ட மனசு வராதுதான். ஆனாலும் தர்க்கத்தை முக்கால் மணிக்குள் முடியுங்கள். சிரிக்கவைக்கும் பபூனுக்கு மட்டும் கடிகாரம் காட்டாதீர்கள், கூட்டத்தைப் பிடித்துவைப்பதே அவர்தான்.

வள்ளி தினைப்புனம் காக்கும் பரண் என்றால் பள்ளிக்கூட பெஞ்ச் இரண்டு, மேலே பலகை, சுற்றிலும் சோளத்தட்டை. கவண் சுற்ற இடம் விட்டு மைக்கைத் தள்ளி வையுங்கள்.

முருகன் கிழவனாக வந்து தினைமாவு தின்னும் காட்சியில் நிஜத் தினைமாவு வேண்டவே வேண்டாம். போன வருஷம் எங்கள் முருகன் வேஷக்காரர் ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டார். மாவு தொண்டையில் ஒட்டி நிஜமாகவே விக்கல்! நடிப்பென்று நினைத்து ஜனம் கைதட்டியது, அடுத்த பாட்டை நான் ஆர்மோனியத்திலேயே வாசித்து முடித்தேன். இப்போது மசித்த வாழைப்பழம்தான். தாடி ஒட்டும் பசையான ஸ்பிரிட் கம் தடவும் முன் வியர்வையைத் துடையுங்கள்.

வள்ளியைப் பயமுறுத்த வரும் யானைக்கு இரண்டு பையன்கள், ஒரு கறுப்புப் போர்வை போதும்.